கயிற்று உருண்டைக்காக ஒரு வக்காலத்து

நடுவர் அவர்களே, "வழியோர விநோதங்களுக்காக வண்டியை நிறுத்துவது வீண் வேலையா, பயணத்தின் சுவையா?" என்பது தலைப்பு. விநோதம் என்றால் ராட்சத ஆடு, மண்ணில் நட்ட கார், ஆளுயரத்தைத் தாண்டிய கயிற்று உருண்டை என்று சாலையோரம் ஆட்கள் உண்டாக்கி வைத்திருக்கும் வேடிக்கைகள். சுவையே என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் நேரம் போகும், போட்டோவில் பார்த்தால் போதும், எல்லாம் வியாபாரத் தூண்டில் என்றார். போகிறபோக்கில், "எங்கே பார்த்தாலும் உலகிலேயே பெரியது என்று ஒரு போர்டு, அதுவும் பொய்" என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் நேரம். இரண்டு மணி நேரம் ஓட்டினால் கால் மணி நேரமாவது இறங்கி நிற்க வேண்டும். இது சாலைப் பாதுகாப்பின் அரிச்சுவடி. அந்தக் கால் மணியை எதிரணியினர் பெட்ரோல் பங்க் கழிவறை வாசலில் கழிக்கிறார்கள். நாங்கள் நியூ ஜெர்சியில் 1881இல் கட்டிய, ஆறு மாடி உயர மரயானை லூசியின் காலடியில் கழிக்கிறோம். பிரதான சாலையிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே என்றால், மணிக்கு 60 வேகத்தில் போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம், பார்க்க இருபது நிமிடம். அரை மணியில் கதை முடிந்தது. 15 கிலோமீட்டருக்கு மேல் விலகல் என்றால் நானே வேண்டாம் என்பேன். நாளுக்கு இரண்டு போதும். மூன்றாவதையும் திணிப்பவர் இருட்டில் போய், பூட்டிய கேட்டைத்தான் பார்த்துவிட்டு வருவார்.

தூண்டிலா? சில இடங்கள் தூண்டில்தான், மறுக்கவில்லை. தெற்கு டகோடாவில் 'வால் டிரக்' என்ற மருந்துக்கடை, ஈயோட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1936இல், "இலவச ஐஸ் தண்ணீர்" என்று சாலையோரம் பலகை நட்டுப் பிழைத்தது. தண்ணீர் இன்றும் இலவசம். குடித்துவிட்டு நடையைக் கட்டினால் யார் கையைப் பிடிப்பார்கள்?

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். டெக்சஸில் அமரில்லோ பக்கம் 'காடிலாக் ராஞ்ச்'. 1974இல் 'ஆன்ட் ஃபார்ம்' என்ற கலைக்குழு பத்து காடிலாக் கார்களை, மூக்கு மண்ணுக்குள், வால் வானத்தில் என்று வரிசையாக நட்டது. 1949 முதல் 1963 வரையிலான மாடல்கள். காரின் பின்புறம் இறக்கை போல நீட்டிக்கொண்டிருக்கும் தகடு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, பிறகு அடங்கியது வரிசையிலேயே தெரியும். யார் வேண்டுமானாலும் வண்ணம் அடிக்கலாம். இன்று எடுத்த படத்தில் இருப்பது நாளை அங்கே இருக்காது. எந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு போதும் என்கிறீர்கள்?

ஸ்பிரே டப்பாவால் வண்ணம் அடிப்பதிலும் பக்குவம் உண்டு. காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். எதிர்த்து நின்றால் பாதி பெயிண்ட் உங்கள் சட்டைக்குத்தான். டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நகர்த்திக்கொண்டே அடிக்க வேண்டும். கிட்டே போய் ஒரே இடத்தில் அடித்தால் வழிந்து எழுத்து அழுதுவிடும். முந்தி வந்தவர் அடித்தது காயாமல் இருக்கும். போட்டோவுக்காகச் சாய்ந்தால் பேண்ட் போச்சு. மழை பெய்த மறுநாள் அந்த வயல் வெறும் சேறு, மாற்றுச் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். காலி டப்பாவை அங்கேயே வீசிவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

எதிரணி கேட்க மறந்த குறையை நானே சொல்கிறேன். இந்த விநோதங்கள் இடம் மாறும். நகரம் நெருங்கி வந்ததால் காடிலாக்குகளை 1997இல் சுமார் 3 கிலோமீட்டர் மேற்கே தள்ளி நட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கோல்பர்னில் 15 மீட்டர் உயரக் கான்கிரீட் செம்மறியாடு 1985இல் எழுந்தது. 1992இல் புறவழிச்சாலை வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. கூட்டம் வராவிட்டால் ஆடு போகட்டும் என்று 2007இல் ஆட்டையே நெடுஞ்சாலை அருகே நகர்த்தினார்கள்! பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பினால் வெறும் நிலத்தில்தான் போய் நிற்பீர்கள். அண்மையில் போனவர்கள் போட்ட படத்தின் தேதியைப் பாருங்கள். சீசன் இல்லாத மாதத்தில் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். சாலை ஓரத்தில் மட்டும் நிறுத்த வேண்டாம்: மணிக்கு 100 வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் தாண்டிவிடும்.

கடைசியாக அந்த போர்டு. மினசோட்டாவின் டார்வினில் ஒரு விவசாயி 1950இல் வைக்கோல் கட்டும் கயிற்றைச் சுற்றத் தொடங்கி 29 ஆண்டு சுற்றினார். உருண்டை ஒரே பக்கம் பெருத்துவிடாமல் இருக்க ரயில்வே ஜாக்கி வைத்துத் தூக்கித் திருப்பிச் சுற்றினார். சுமார் 12 அடி விட்டம், 7,900 கிலோ. கேன்சஸின் காக்கர் சிட்டியில் இன்னொருவர் 1953இல் ஆரம்பித்தது, அவர் காலத்துக்குப் பிறகும் ஊர் கையால் வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு ஊரும் உலகிலேயே பெரியது என்கின்றன, இரண்டும் மெய்தான். ஒன்று தனி மனிதர் சுற்றியதில் பெரியது, மற்றது பலர் சேர்ந்து சுற்றியதில் பெரியது. போர்டை முழுசாகப் படிக்க வேண்டுமானால் வண்டியை நிறுத்த வேண்டாமா? காக்கர் சிட்டியில் கயிறு சுற்றுவதற்கென்றே ஆகஸ்டில் ஒரு விழா நடக்கிறது. எதிரணித் தலைவர் போனாலும் கையில் ஒரு முழம் கொடுப்பார்கள், நடுவர் அவர்களே.