ஏவிய பிறகு எத்தனை விநாடி?

நேயர்களுக்கு வணக்கம். ஹெலிகாப்டரிலிருந்து டாங்கியை அடிக்கும் ஏவுகணை என்றால், எத்தனை கிலோமீட்டர் போகும் என்றுதான் பலரும் கேட்பார்கள். விமானியின் கவலை வேறு. ஏவிய பிறகு எவ்வளவு நேரம் எதிரியின் கண்ணில் பட நிற்க வேண்டும்?

அமெரிக்காவின் 'டோ' ஏவுகணை 1972-இல் வியட்நாமில் ஹெலிகாப்டரிலிருந்து பாய்ந்தது. பின்பக்கம் இரண்டு மெல்லிய கம்பிகள், நூற்கண்டு பிரிவதுபோல அவிழ்ந்துகொண்டே போகும். சுடுபவர் குறிநோக்கியின் சிலுவைக்கோட்டை டாங்கி மேல் வைத்திருந்தால் போதும். ஏவுகணையின் வாலில் எரியும் அகச்சிவப்பு விளக்கு அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கருவி அளந்து, திருத்தத்தைக் கம்பி வழியே அனுப்பும்.

பின்னாளில் 3,750 மீட்டர்வரை எட்டியது. அவ்வளவு தூரம் போக ஏறக்குறைய 20 விநாடி ஆகும். அதுவரை இலக்கைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. கம்பி மரத்தில் சிக்கி அறுந்தால் கட்டுப்பாடு போயிற்று. மின்கம்பி மேல் விழுந்தாலும் ஆபத்துதான். எதிரி அதே மாதிரி ஒரு பொய்விளக்கைக் காட்டினாலோ, கருவி அதை ஏவுகணையென்று நம்பித் தவறான திருத்தம் அனுப்பும்.

அடுத்து வந்த அமெரிக்காவின் 'ஹெல்ஃபயர்' ஏவுகணை கம்பியை விட்டொழித்தது. டாங்கி மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், அங்கிருந்து சிதறும் ஒளியை ஏவுகணையின் மூக்கு பிடித்துக்கொள்ளும். மூக்கிலுள்ள உணரி நான்கு பாகம். நான்கிலும் ஒளி சமமாக விழும்படி திரும்பிக்கொண்டே போகும். லேசர் துடிப்புகளுக்குத் தனிக் குறியீடு உண்டு, அதனால் பக்கத்து ஏவுகணையோடு குழப்பம் வராது. ஒளி பாய்ச்சுபவர் தரையிலிருக்கும் வீரராகவும் இருக்கலாம். ஹெலிகாப்டர் மலைக்குப் பின்னாலேயே இருந்து ஏவலாம். சிக்கல் புழுதியில்தான். லேசரை இடையிலுள்ள தூசியே திருப்பி அனுப்பினால் ஏவுகணை தூசியைத் துரத்தும். தொலைவு கூடக்கூட ஒளிப்புள்ளியும் விரியும்; ஓரத்தில் வழிந்தது பின்னாலிருக்கும் பாறையில் விழும்.

நம் இந்தியாவின் 'ஹெலினா' ஏவுகணையில் இலக்கைப் பார்க்கும் வேலையும் ஏவுகணைக்கே. ஏவுமுன் வெப்பப்படத்தில் இலக்கைக் காட்டிப் பூட்டிவிட்டால், ஹெலிகாப்டர் உடனே திரும்பலாம். எட்டும் தூரம் 7 கிலோமீட்டர். ஆனால் விடியலிலும் அந்தியிலும் டாங்கியின் இரும்பும் சுற்றியுள்ள மண்ணும் ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்கு வரும் நேரம் உண்டு. எஞ்சின் அணைந்து கிடக்கும் டாங்கி அப்போது படத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும்.