லிட்டருக்கு 11 பைசா

(குழந்தைகள் நல மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, இந்த ஆண்டு படிப்பில் சேர்ந்திருக்கும் இளம் மருத்துவர்களே, வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'ஓர் ஆய்வாளரின் சாதனைகள்' என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். சாதனைகளை வரிசையாக வாசிக்க எனக்கு வராது. அதனால் விருதுகளை முதலிலேயே சொல்லித் தீர்த்துவிடுகிறேன். 1994-ல் ராயல் சுவீடிஷ் அறிவியல் அகாதெமியின் அயல்நாட்டு உறுப்பினர். 2002-ல் பொலின் பரிசு, 2006-ல் தாய்லாந்தின் இளவரசர் மகிடோல் விருது. இறந்த பிறகு, 2023-ல், பத்ம விபூஷண். இத்தனையும் பெற்ற டாக்டர் திலீப் மகலனாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமான செய்தி வந்தபோது, நம் துறையிலேயே சிலர் என்னிடம் "யார் அவர்?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களின் மேசை இழுப்பறையில், பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நிச்சயம் கிடந்திருக்கும். அந்தக் கரைசலை அகதி முகாமில் கொடுத்து உயிர் காக்க முடியும் என்று காட்டியவர் அவர்தான்.

ஒரு கேள்வி. இங்கே எத்தனை பேர் ஓ.ஆர்.எஸ். குடித்துப் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். நான்கு. இல்லை, ஐந்து. தினமும் எழுதிக்கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அரங்கம் முழுவதும் கை எழும். சரி, கடைசியில் இதற்கு வருகிறேன்.

மகலனாபிஸ் 1934-ல் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். 1958-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்து சென்று லண்டனிலும் எடின்பரோவிலும் உயர் பட்டங்கள் வாங்கினார். லண்டனில் ராணி எலிசபெத் குழந்தைகள் மருத்துவமனையில் ரெஜிஸ்திரார் என்ற மருத்துவர் பதவிக்குத் தேர்வான முதல் இந்தியர் அவர். அந்தப் பதவியில் உட்கார்ந்தவர் அங்கேயே வீடு வாங்கிக்கொண்டு தங்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவரோ 1960-களின் நடுவில் கல்கத்தாவுக்குத் திரும்பி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அங்கே நடத்திவந்த ஆய்வு மையத்தில் சேர்ந்தார். ஆய்வுப் பொருள் வாந்திபேதி. அதாவது காலரா.

காலரா வார்டுக் கட்டிலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இடுப்புக்கு நேரே வட்டமாக ஓட்டை வெட்டியிருக்கும். மேலே ரப்பர் விரிப்பு, அடியில் வாளி. வாளியில் விழுவது மலம் என்றே சொல்ல முடியாது. அரிசி கழுவிய தண்ணீர் போல இருக்கும். கடுமையான நோயாளி மணிக்கு 1 லிட்டர் வரை இழப்பார். காலையில் எழுந்து வயலுக்குப் போனவர் மாலைக்குள் கண் குழிந்து, விரல் நுனி சுருங்கி, நாடி கிடைக்காமல் கிடப்பார். அந்தக் காலத்து ஆய்வு என்றால் வாளியை அளப்பதுதான். எவ்வளவு போனது, எவ்வளவு ஏற்றினோம், எவ்வளவு சிறுநீர் வந்தது என்று இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். 'அறிவியல் ஆராய்ச்சி' என்றதும் நுண்ணோக்கியைக் கற்பனை செய்பவர்கள் இந்த வாளியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரில் சம்புநாத் டே என்ற மருத்துவர் 1959-லேயே ஒன்றை நிறுவிவிட்டார். காலரா கிருமி குடலைத் தின்பதில்லை. அது கக்கும் நஞ்சுதான் குடலிலிருந்து நீரை வெளியே இறைக்கிறது. மறு ஆண்டு ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகின்றன என்றார் அவர். இரண்டும் போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது. நஞ்சு கொல்லைக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது, ஆனால் வாசல் கதவு பழுதாகவில்லை. வெறும் உப்புத்தண்ணீர் அந்த வாசலில் நுழையாது. சர்க்கரையையும் சரியான அளவில் கூட்டிக்கொண்டு வந்தால் நுழையும்.

இது தெரிவதற்கு முன்பே, 1953-ல், ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற கல்கத்தா மருத்துவர் 186 நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தியதாக லான்செட் இதழில் எழுதினார். பேதியை நிறுத்தக் கற்பூரவல்லி இலைச் சாற்றையும் சேர்த்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, வாளிக் கணக்கு இல்லை என்பது ஒரு காரணம். கற்பூரவல்லியைப் பார்த்ததும் சிலர் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். 1962-ல் மணிலாவில் நடந்த ஒரு சோதனையில் கரைசலின் செறிவு அதிகமாகிவிட, நோயாளிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல ஆய்வாளர்களுக்கு இந்த வழியே பயமாகிவிட்டது. 1968-ல் டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் நடத்திய சோதனைதான் அந்தப் பயத்தைப் போக்கியது. இழப்பை அளந்து அதே அளவுக்கு வாய்வழியே கொடுத்தால், நரம்பில் ஏற்றும் சலைனில் பெரும்பகுதி தேவைப்படாது என்று அவர்கள் காட்டினார்கள்.

ஆனால் இதெல்லாம் வார்டுக்குள், பயிற்சி பெற்ற செவிலியர் கண்காணிப்பில் நடந்தது. வார்டே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

1971. கிழக்குப் பாகிஸ்தானில் போர். ஏறத்தாழ 1 கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மழைக்காலம், முகாம்களில் வாந்திபேதி பற்றிக்கொண்டது. எல்லையோரச் சிற்றூரான போங்காவுக்கு ஜூன் மாதக் கடைசியில் மகலனாபிஸ் தன் குழுவோடு போய்ச் சேர்ந்தார். மருத்துவமனையின் இரண்டு அறைகளில், தரை தெரியாத அளவுக்கு நோயாளிகள். நரம்பில் சலைன் ஏற்ற வேண்டுமானால் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஊசி குத்த வேண்டியிருந்தது என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஊசி போடத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சலைன் பாட்டில்களும் தீர்ந்துகொண்டிருந்தன. 48 மணி நேரத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது, இது தோற்கிற சண்டை என்று.

அவர் எடுத்த முடிவைப் பாருங்கள். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. அவ்வளவுதான். பொட்டாசியம் இல்லை. பேதியில் பொட்டாசியமும் போகும் என்று அவருக்குத் தெரியாதா? வாளி வாளியாக அளந்தவர்! சந்தையில் கிடைக்கிற மூன்றே பொருளில் முடிய வேண்டும், எவர் கையிலும் தப்பாகக் கூடாது என்பதற்காக, தெரிந்தே விட்டார். ஆய்வகத்தில் முழுமைக்காகப் பாடுபட்ட ஒருவருக்கு அப்படி விடுவது எளிதாக இருந்திருக்காது.

கல்கத்தா மையத்தின் நூலக அறையில் பொடிகளை எடை போட்டுப் பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். செலவு லிட்டருக்கு 11 பைசா. முகாமில் குழாய் வைத்த டிரம்களில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தார்கள். நோயாளியின் தாயோ, அண்ணனோ, பக்கத்துப் பாயில் கிடப்பவரின் உறவினரோ குவளையில் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தாகம் இருக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கரைசலுக்கு 'வாய்வழிச் சலைன்' என்று பெயர். இந்தப் பெயரில் ஒரு சாமர்த்தியம் உண்டு. சலைன் என்றால் உயிர் காக்கும் மருந்து என்பது மக்களுக்குத் தெரியும். உப்புத்தண்ணீர் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் கொட்டியிருப்பார்கள்.

மருத்துவ உலகை உறுத்தியது கரைசல் அல்ல, அந்தக் குவளைதான் என்று நான் நினைக்கிறேன். மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் வேலை எழுதப்படிக்கத் தெரியாத ஓர் அகதித் தாயின் கைக்குப் போய்விட்டதே! முகாமின் ஊழியர்களே முதலில் நம்பவில்லை.

இறப்பு விகிதம் ஏறத்தாழ 30 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதமாக இறங்கியது. எட்டு வாரங்களில் 3,700-க்கும் மேற்பட்ட நோயாளிகள். கட்டுரை எழுதி அனுப்பினார், இதழ்கள் ஏற்கவில்லை. கடைசியில் 1973-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. மறுத்தவர்களை நான் முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். அந்த 30 சதவீதம் வேறொரு வாரத்துக் கணக்கு. ஒப்பீடு சுத்தமானது இல்லை. நீங்கள் அனுப்பினால் உங்கள் ஆய்வு வழிகாட்டியே திருப்பித் தந்திருப்பார். ஆனால் அந்தக் கூடாரத்தில் யாரைத் தேர்ந்தெடுத்து 'உனக்குக் கரைசல் கிடையாது' என்று சொல்வது? நல்லவேளையாக உலக சுகாதார நிறுவனத்தில் தீமான் பருவா என்ற அதிகாரி இருந்தார். முகாமுக்கே வந்து நேரில் பார்த்தார். ஜெனீவா திரும்பியதும் விடாமல் வாதாடினார். 1978-ல் பேதிநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் உலக அளவில் தொடங்கியது. அதே ஆண்டு லான்செட் தலையங்கம், குடலில் சோடியமும் குளுக்கோஸும் இணைந்து செல்வதைக் கண்டறிந்தது இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று எழுதியது.

மகலனாபிஸின் பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தான், எகிப்து, ஏமன் என்று காலரா இருந்த இடங்களுக்கெல்லாம் போனார். டாக்காவின் சர்வதேசப் பேதிநோய் ஆய்வு மையத்தில் மருத்துவ ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். பிறகு மறுபடி கல்கத்தா. கரைசலும் சும்மா இருக்கவில்லை. பொட்டாசியம் சேர்ந்தது, சோடாவின் இடத்தில் சிட்ரேட் வந்தது, 2002-ல் செறிவு 311-லிருந்து 245 மில்லியாஸ்மோலாகக் குறைந்தது. 2004 முதல் உடன் 10 முதல் 14 நாள் துத்தநாகமும் கொடுக்கச் சொல்கிறார்கள். வங்கதேசத்தில் 'பிராக்' என்ற தொண்டு அமைப்பின் பெண் ஊழியர்கள் 1980-களில் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே போய், மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம் என்று கற்றுக்கொடுத்தார்கள். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று பிறகு சோதித்து, அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குச் சம்பளம்! இந்த முறையை நம் மருத்துவக் கல்லூரிகளில் கொண்டுவந்தால் ஆசிரியர்கள் பலருக்கு மாதக் கடைசி சிரமமாகத்தான் இருக்கும். நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். பயிற்சி மருத்துவராக இருந்த காலம். இரவு இரண்டு மணிக்கு இரண்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். பேதி. கண் குழிந்திருந்தது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் அடங்கியது. விழிப்பாகத்தான் இருந்தான், தண்ணீரைப் பார்த்ததும் கை நீட்டினான். பாடப்புத்தகம் திறந்த பக்கம் போல எல்லா அறிகுறியும் வாய்வழியே கொடு என்றுதான் சொன்னது. நான், "வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது" என்று அதட்டிவிட்டு நரம்பு தேடினேன். ஒரு கை, மறு கை, கால், நெற்றி. முக்கால் மணி நேரம். நரம்பு கிடைக்கவில்லை. மூத்த மருத்துவரைக் கூப்பிட ஓடினேன். அவரோடு திரும்பி வந்தபோது பாட்டியின் முந்தானை நனைந்திருந்தது. பையன் சிறுநீர் கழித்திருந்தான். நான் ஒவ்வொரு முறை ஊசி எடுக்கத் திரும்பியபோதும் முந்தானைக்குள்ளிருந்த டம்ளரிலிருந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்திருக்கிறார். எங்கள் வெளிநோயாளர் பிரிவு காலையில் கொடுத்தனுப்பிய கரைசல்தான். "தொண்டை நனையட்டும் என்றுதான் கொடுத்தேன், தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்றார். மூத்த மருத்துவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

1980 வாக்கில் உலகில் ஆண்டுக்கு 45 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் பேதியால் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். இன்று ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 4.4 லட்சம். தடுப்பூசி, குடிநீர், கழிப்பறை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அந்த 4.4 லட்சம்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் பேதி கண்ட குழந்தைகளில் 61 சதவீதத்துக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. ஏன் என்று பீகாரிலும் கர்நாடகத்திலும் தனியார் மருத்துவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2024-ல் சயன்ஸ் இதழில் வந்தது. பொட்டலம் கைவசம் இல்லாதது சிறிய காரணம். மருந்து விற்கும் லாபமும் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய காரணம் இல்லை. 'வந்தவர் ஓ.ஆர்.எஸ். விரும்பமாட்டார்' என்று மருத்துவர் தானாக நினைத்துக்கொள்வதுதான் பெரிய காரணம். பெற்றோர் வாய்விட்டுக் கேட்டால் எழுதிக்கொடுக்கிறார்கள். பெற்றோரோ மருத்துவருக்கு எது சரியென்று தெரியும் என நினைத்து வாய் திறப்பதில்லை. "பாட்டில் ஏற்றினால்தான் அவர்களுக்குத் திருப்தி, சார்" என்று நீங்களும் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களிடம் கேட்டீர்களா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு குடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் 1 லிட்டருக்கு 1 பொட்டலம், முறைப்படி. மற்றதில் அதே பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்த கணக்கு. பொட்டலத்தை நீட்டிவிட்டு 'தண்ணீரில் கலந்து கொடுங்கள்' என்று மட்டும் நீங்கள் சொல்லியனுப்பினால் பல வீடுகளில் அப்படித்தான் கலக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு எதைக் கொடுப்பீர்கள் என்று ஒவ்வொன்றிலும் ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொல்லுங்கள். எது எந்தக் குடம் என்று எழுதி ஒட்டவில்லை.