கறுப்புப் பட்டை இருக்கட்டும்

அவைக்கு வணக்கம். இன்று காலை வீட்டு டிவியை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். "வித்துடப் போறீங்களா?" என்று கேட்டார் என் மனைவி. இந்தப் பேச்சுக்காகத்தான் அளந்தேன். 55 அங்குல டிவி. அகலம் 122 சென்டிமீட்டர், உயரம் 68 சொச்சம். அதில் ஸ்கோப் படம், அதாவது தியேட்டருக்கென்று ரொம்ப அகலமாக எடுத்த படம் போட்டால் படத்தின் உயரம் 52தான். மேலே 8, கீழே 8 கறுப்புப் பட்டை. எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் இந்தப் பட்டைக்காகத்தான்.

பொங்கல் லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். செர்ஜியோ லியோனி 1966இல் எடுத்த கௌபாய் படம் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' போட்டேன். "மாமா, பாதிப் படம் மறைக்குதே, பெருசாக்கட்டுமா?" என்றவன், நான் வாயைத் திறப்பதற்குள் ஜூமை அழுத்திவிட்டான். திரை நிறைந்தது, பையனுக்கும் சந்தோஷம். படத்தில் கால்வாசி சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டதை அவன் கவனிக்கவில்லை. பட்டை எதையும் மறைக்கவில்லை ஐயா, அங்கே படமே கிடையாது! நிரப்புகிறேன் என்று போனால்தான் வெட்டு விழுகிறது.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் இதே படத்தை முதலில் பார்த்தது பழைய சதுர டிவியில், ஒரு விசிடியில். எந்தக் கடையில் வாங்கினேன் என்பது வேண்டாம். அதில் பக்கவாட்டில் 100க்கு 43 பங்கை நறுக்கியிருந்தார்கள். கடைசியில் மூன்று பேர் துப்பாக்கியோடு நிற்கும் இடத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றரைப் பேர். மீதி ஒன்றரைப் பேர் சாகப்போகிறார்களா, சாப்பிடப் போயிருக்கிறார்களா என்றே புரியவில்லை.

இந்த அகலம் பிறந்ததே டிவிக்குப் பயந்துதான். அமெரிக்காவில் ஜனங்கள் வீட்டிலேயே டிவி பார்க்க உட்கார்ந்துவிட, 1953இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் சினிமாஸ்கோப்பை இறக்கியது. பிரான்ஸின் ஆன்ரி கிரெத்தியன் 1920களிலேயே செய்துவைத்த லென்ஸ் அது. அகலக் காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கி ஃபிலிமில் பதியும், புரொஜக்டர் லென்ஸ் திரும்ப விரிக்கும். பாலைவனத்துக்கும் குதிரைக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஆரம்பகால ஸ்கோப்பில் குளோசப் வைத்தால் கன்னம் வீங்கித் தெரியும். பொன்னுக்கு வீங்கி வந்த முகம் மாதிரி என்று கேமராக்காரர்களே கிண்டலடித்தார்கள்.

லியோனி கையில் அவ்வளவு பணம் இல்லை. அவர் பிடித்தது டெக்னிஸ்கோப் என்ற சிக்கன முறை. ஃபிலிம் ஓரத்தில் வரிசையாகத் துளை இருக்குமே, சாதாரண 35 எம்எம் ஃபிரேம் அதில் 4 துளை உயரம், இதில் 2 துளைதான். பாதி ஃபிலிம் மிச்சம். லென்ஸும் சாதா லென்ஸ். அதனால் முகத்துக்கு எவ்வளவு கிட்டே போனாலும் வீக்கம் இல்லை. கஞ்சத்தனத்தில் கிடைத்த வரம்!

படத்தின் முதல் ஷாட்டைப் பாருங்கள். வறண்ட நிலம், ஆளே இல்லை. திடீரென்று அந்த வெட்டவெளியை மறைத்துக்கொண்டு ஒரு கரடுமுரடான முகம் வந்து நிற்கும். நிலத்துக்கும் முகத்துக்கும் அதே அகலம்தான். கடைசி இடுகாட்டை ஸ்பெயினில், பர்கோஸ் பக்கம், ராணுவ வீரர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான பொய்ச் சமாதிகள் வைத்துக் கட்டினார்கள். நடுவில் வட்டமான திடல். மூன்று பேரும் சிறு உருவங்களாக விலகி நிற்பார்கள். மொரிகோனியின் இசை ஏற ஏற, கேமரா நெருங்கும். நெற்றி போகும், மோவாய் போகும், கடைசியில் திரை முழுக்க இரண்டு கண். யார் முதலில் அசைவான் என்ற பயம் அவர்களுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடத்தில்தான் இருக்கிறது. ஜூம் அந்த வெற்றிடத்தைத் தின்றுவிடும். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கௌபாய் கதை படித்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று பிடிபடும்.

அதற்காக வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம் என்றாலே அகலம் என்று நினைத்துவிடாதீர்கள். 'ஹை நூன்' 1952இல் வந்தது, கிட்டத்தட்ட சதுரம். அதற்குப் பட்டை இடமும் வலமும் வரும், வரட்டும். 'ஷேன்' கதை இன்னும் பாவம். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் 1951இல் அதைப் பழைய சதுரத்துக்கு எடுத்தார். 1953இல் வெளியாகும்போது அகல மோகம் வந்துவிட்டது. ஸ்டுடியோ மேலேயும் கீழேயும் வெட்டி, அகலத்தை உயரத்தைப்போல் 1.66 மடங்கு ஆக்கி ஓட்டியது. வயோமிங்கின் டீட்டன் மலைகளுக்காக அத்தனை தூரம் போய் எடுத்த படம் அது.

வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். டிவியின் பிக்சர் சைஸில் ஜூம் வேண்டாம், இழுத்து நீட்டவும் வேண்டாம். 16:9 என்று வைத்தாலும் சில டிவி ஓரத்தைக் கொஞ்சம் கடிக்கும். ஓவர்ஸ்கேன் என்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். பழைய டிவிடிகள் சிலவற்றில் நாலு பக்கமும் கறுப்பாகிப் படம் நடுவில் தபால்தலை மாதிரி நிற்கும். அந்த டிஸ்குக்கு மட்டும் ஜூமுக்கு அனுமதி உண்டு.

அப்புறம் விளக்கு. வெளிச்சத்தில்தான் பட்டை கண்ணை உறுத்தும், இருட்டில் சுவரோடு சுவராகிவிடும். அக்கா மகனிடமும் இதைத்தான் செய்தேன். ஜூமை எடுத்துவிட்டு, லைட்டை அணைத்தேன். இடுகாட்டுக் காட்சி வந்தபோது ரிமோட் அவன் மடியில்தான் இருந்தது. "மாமா, யார் முதல்ல சுடுவாங்க?" என்று மட்டும் கேட்டான்.