சைலன்சரை மாற்றினால் மைலேஜ் ஏறுமா?

நேயர்களுக்கு வணக்கம். காரில் வெளியே வாங்கிய சைலன்சரைப் பொருத்தினால் மைலேஜ் கூடுமா என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடம் ஓட்டுகிற வண்டிக்கு ஏறாது. சில வண்டிகளில் இறங்கவே செய்யும். அவசர வேலை இருப்பவர்கள் இப்போதே ரேடியோவை அணைத்துவிடலாம். மற்றவர்களுக்குக் காரணத்தைச் சொல்கிறேன்.

கடையில் என்ன சொல்கிறார்கள்? ‘கம்பெனி சைலன்சர் எஞ்சினை மூச்சுத் திணற வைக்குது சார். ஃப்ரீ ஃப்ளோ போட்டா புகை தாராளமா வெளியே போகும், பெட்ரோல் மிச்சம்.’ இது முழுப் பொய் இல்லை. எரிந்த புகையைப் பிஸ்டன் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். எதிரே அழுத்தம் இருந்தால் தள்ளுவதற்குக் கொஞ்சம் சக்தி செலவாகும். ஆனால் அந்தச் செலவு எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கல்யாண மண்டபத்து வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தி முடிந்து ஊரே ஒன்றாக எழுந்து வரும்போதுதான் வாசல் குறுகலாகத் தெரியும். நாலு பேர் தாம்பூலப் பையோடு நடந்து போகும்போது கதவு எத்தனை அகலம் என்று யாருக்குக் கவலை?

சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் சின்ன காருக்கு ஐந்தாறு குதிரைத் திறன் போதும். எஞ்சினிடம் இருப்பதோ எழுபது, எண்பது. ஆக, வெளியேறும் புகை ரொம்பக் குறைவு. புகை பாதியானால் எதிரழுத்தம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். அப்படி அது ஏற்கெனவே ஒன்றுமில்லாமல் போன நிலையில்தான் நாம் தினமும் ஓட்டுகிறோம். அந்த நேரத்தில் எஞ்சினுக்கு எங்கே சிரமம் என்றால், காற்று உள்ளே வரும் வழியில். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு பெரும்பகுதி மூடியே இருக்கும். அந்தச் சின்ன சந்து வழியாகக் காற்றை இழுக்க எஞ்சின் பாடுபடுகிறது. மறுபடியும் சொல்கிறேன், நகரத்தில் ஓட்டும் பெட்ரோல் காருக்குக் கஷ்டம் இழுப்பதில், தள்ளுவதில் இல்லை. பின்னால் இருக்கிற குழாயை மாற்றி முன்னால் இருக்கிற சிரமத்தைத் தீர்க்க முடியுமா?

இந்த நம்பிக்கை இங்கே வேரூன்றியதற்கு என் கணிப்பில் டூ ஸ்ட்ரோக் பைக்குகள்தான், அதாவது பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு சுற்று வேலை முடிக்கும் எஞ்சின் வண்டிகள்தான், காரணம். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்த தலைமுறை அது. சைலன்சரைத் தொட்டால் வண்டியின் குணமே மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். டூ ஸ்ட்ரோக்கில் அது உண்மை. அதற்கு ஒரு கதை இருக்கிறது, நேரம் பற்றாது என்று தெரிந்தும் சொல்கிறேன். 1950களில் கிழக்கு ஜெர்மனியில் எம்சட் என்ற பைக் நிறுவனத்தில் வால்டர் காடன் என்று ஒரு பொறியாளர். பணமும் இல்லை, நல்ல உலோகமும் கிடைக்கவில்லை. அவர் புகைக்குழாயின் வடிவத்தையே ஆராய்ந்தார். குழாய் அகன்று, பிறகு குறுகினால், புகையோடு போகும் அழுத்த அலை திரும்பி வந்து, தப்பிப் போகப் பார்க்கும் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளும். 1961இல் வெறும் 125 சிசியில் 25 குதிரைத் திறன் எடுத்தார். அந்த வருஷம் அவருடைய பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் பைக் பந்தய உலகப் பட்டத்தை நெருங்கியிருந்தார். பெர்லின் சுவர் எழும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சுவீடன் போட்டியில் எஞ்சின் பழுதானது. ஆள் அப்படியே மேற்குப் பக்கம் போய்விட்டார். மனைவி, குழந்தைகளைக் கார் டிக்கியில் ஒளித்து எல்லை தாண்ட வைத்தார்கள். குழாய் ரகசியம் அவரோடு ஜப்பானின் சுசூகிக்குப் போயிற்று. அடுத்த வருஷமே, 1962இல், சுசூகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டம் டெக்னருக்கு!

ஒரு குழாயின் வடிவத்துக்காக இத்தனை நடந்திருக்கிறது. அதை எங்கோ ஒரு பட்டறையில் கண் அளவாக வளைத்து வெல்டு வைத்தால் எப்படி? நம் காரின் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினிலும் அலைக் கணக்கு உண்டு. குழாயை ரொம்பப் பெரிதாக்கினால் கீழ் வேகத்தில் இழுவை குறையும். மூன்றாவது கியரில் ஏறிய மேம்பாலத்துக்கு இரண்டாவது கியர் கேட்கும். அங்கேயே பெட்ரோல் போகிறது.

அடுத்து ஆக்சிஜன் சென்சார். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே புகைக்குழாயில் திருகியிருக்கும். ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற கணக்கைக் காப்பாற்றுவது அதுதான். பட்டறையில் அதன் பக்கத்துக் குழாய் இணைப்பைக் கழற்றி மாட்டும்போது, கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்று வையுங்கள். புகை விட்டு விட்டுத் துடிப்பாக வருவதால், இரண்டு துடிப்புக்கு நடுவே வெளிக்காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து ‘பெட்ரோல் பற்றவில்லை’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது கேட்ட பேச்சுக்கு ஊற்றும். காலையில் வண்டி எடுக்கும்போது முன்பக்கம் ‘டிக் டிக்’ என்று சத்தம், இணைப்பில் கரிப்புகைக் கறை, இரண்டும் இருந்தால் அங்கே பாருங்கள்.

‘எனக்கு நிஜமாவே ஏறிச்சே’ என்பவர்களும் உண்டு. மறுக்கவில்லை. புகையைச் சுத்தப்படுத்தும் பழைய கேட்டலிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்திருந்தால், அதை எடுத்துவிட்டு எதை மாட்டினாலும் ஏறும். அது அடைப்பு நீங்கியதன் லாபம். சத்தம் அதிகமானதும் வேகமாகப் போகிறோம் என்று நினைத்துக் காலைத் தளர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள்! அதே நாளில் ஏர் ஃபில்டர், பிளக், டயர் காற்று எல்லாம் பார்த்திருப்பார்கள், பெயர் சைலன்சருக்குப் போகும். மாற்றும் முன்பும் பின்பும் ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, ஒரே பாதையில் ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டவர்கள் எத்தனை பேர்?

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார். டீசல் காரைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 புகை விதிப்படி செய்த டீசல் கார்களில் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே ஓட்டினால் அடைக்கும், அடைப்பை எரிக்க வண்டியே கூடுதல் டீசல் குடிக்கும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சற்று நேரம் ஓட்டினால் போதும், கழற்றாதீர்கள். சட்டமும் இருக்கிறது. சத்தம், புகை விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. டர்போ வண்டிகளின் கணக்கு வேறு, அதை இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.