"பொம்பளைங்க பாத்துக்குவாங்க" என்றால் போதுமா?

வணக்கம் நேயர்களே. பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து அழைத்தார்கள். துருவத்துப் பனி உருகுவதை எல்லாரும் பேசிவிட்டார்கள், நான் நம் ஊர்க் கதையைப் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். ஆகவே இன்று மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையை, அதிலும் தெற்கே நிபோங் தெபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களையும் கம்பங்கள் என்று நாம் சொல்லும் கிராமங்களையும் மனத்தில் வைத்துப் பேசுகிறேன். அங்கே வெயிலையும் வெள்ளத்தையும் சமாளிக்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் வெயில். செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைக் காட்டில் குலை வெட்டி இறக்குவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. குலை விழுந்ததும் சிதறுகிற உதிரிப்பழத்தைப் பொறுக்கி மூட்டை கட்டுவது, உரம் போடுவது, களைக்கு மருந்து அடிப்பது இதெல்லாம் காலங்காலமாகப் பெண்கள் பக்கம் வந்த வேலைகள். இப்போது பெரிய தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் அதிகம், உண்மை. ஆனாலும் நம் பெண்கள் அடியோடு போய்விடவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால், கீற்று நிழல் இருக்கிறதே, என்ன கஷ்டம் என்று தோன்றும். நிழல் இருக்கிறது, காற்று இல்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை வழியுமே தவிர காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். முழுக்கைச் சட்டை, பூட்ஸ், கையுறை, தலைத்துண்டு எல்லாம் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து பழம் பொறுக்குகிறவருக்கு 33 டிகிரியே போதும், ஆளை அசத்திவிடும். நம் வானிலை ஆய்வுத் துறையோ, தொடர்ந்து 3 நாள் 35 டிகிரிக்கு மேல் போனால்தான் முதல் நிலை எச்சரிக்கை விடும். அது நிழலில் வைத்து அளக்கிற வெப்பமானியின் கணக்கு. பழம் பொறுக்குகிறவரின் முதுகு அந்தக் கணக்கில் வராது.

என் சின்னம்மா இந்த வேலையில் இருந்தவர். காலையில் பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவார். மத்தியானம் திரும்பும்போது முக்கால் பாட்டில் அப்படியே இருக்கும். "இந்த வெயில்ல ஏன் சின்னம்மா குடிக்கல?" என்று கேட்டால், "குடிச்சா எங்க போறது?" என்பார். காட்டில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் ஒரு மரத்தடியில் ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் அடக்கிக்கொண்டு இருப்பார்கள், அடக்க வேண்டும் என்பதற்காகவே குடிக்காமலும் இருப்பார்கள். நீர்க்கடுப்பு, மயக்கம், தலைவலி எல்லாம் அதன் வட்டி. "நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. வேலைக் காட்டின் ஓரத்தில் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கழிப்பறை: என்னைக் கேட்டால், பருவநிலை மாற்றத்துக்குத் தோட்டங்கள் செய்ய வேண்டிய முதல் ஏற்பாடு அதுதான். சூரியத் தகடு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சொன்னால், பெண்களே கேட்டிருக்கலாமே என்பார்கள். கேட்ட கதை ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை முதுகில் தோம்பு சுமந்து அடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கண் எரிகிறது, நகம் கழல்கிறது என்று அவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனிதா அமைப்பும், பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் போராடின. 2002-இல் அரசு தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். 18 ஆண்டுகள்! கேட்டால் கிடைக்கிறது, ஆனால் எவ்வளவு தாமதமாக என்று பாருங்கள்.

அடுத்தது வெள்ளம். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவை பினாங்குக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தீவிலும் பெருநிலத்திலும் ஒரே இரவில் தண்ணீர் ஏறி, விடியற்காலை 3 மணிக்கு மாநில அரசு ராணுவ உதவி கேட்டது. 7 பேர் இறந்தார்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூரில், தாமான் ஸ்ரீ மூடாவில், கூரை மேல் ஏறி நின்றவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

தண்ணீர் வாசலுக்கு வரும் அந்த அரை மணி நேரத்தில் ஒரு வீட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கேஸ் தோங் (சிலிண்டர்) மிதந்து போய்விடும் என்று அதை ஜன்னல் கம்பியில் கட்டுகிறவர் யார்? அரிசி டிரம்மை மேசை மேல் ஏற்றுகிறவர், ஐ.சி. என்ற அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் செருகுகிறவர், பாட்டியின் சர்க்கரை மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று இருட்டில் தடவி எடுக்கிறவர் யார்? பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் கிழவிக்குக் காது கேட்காது, கதவை உடைத்தாவது எழுப்புங்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்கிறவரும் அவர்தான். ஆற்றுநீர் மட்டத்தைக் கருவி வைத்து அளந்து, எச்சரிக்கை நிலை, அபாய நிலை என்று வடிகால் நீர்ப்பாசனத் துறை இணையத்தில் போடுகிறது, நல்ல சேவைதான். ஆனால் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்பது எந்த இணையத்திலும் இல்லை. அது கம்பத்துப் பெண்களின் மனத்தில்தான் இருக்கிறது.

தண்ணீர் வடிந்த பிறகு சேறு. அதை வாரிக் கொட்டி, துணி அலசி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைத் தேற்றி எடுப்பதற்குள் நாட்கள் ஓடிவிடும். 2021 இறுதி வெள்ளத்தில் நாட்டுக்கு மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி (ரிங்கிட்) என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னது. சாலை, பாலம், வீடு, வாகனம், தொழிற்சாலை, கடை, விவசாயம் என்று தலைப்புகள் இருந்தன. சேறு வாரிய நாட்களுக்கு ஒரு தலைப்பு இல்லை. சம்பளம் இல்லாத வேலைக்குக் கணக்கு எழுத யாருக்கும் கை வருவதில்லை.

உதவித்தொகையிலும் ஒரு சிக்கல். 1,000 வெள்ளி கருணைத் தொகை குடும்பத் தலைவருக்கு என்று வந்தது. குடும்பத் தலைவர் வேறு ஊரில் இருந்தால்? கோபித்துக்கொண்டு போய்விட்டவராக இருந்தால்? வீட்டில் இருந்து வெள்ளத்தில் நனைந்தவர் ஒருவர், படிவத்தில் பெயர் உள்ளவர் இன்னொருவர்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மேடைகளில் கிராமத்துப் பெண்களின் மன உறுதியைப் புகழ்வதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக வரும். "அவங்க எதையும் தாங்குவாங்க" என்று சொல்லிவிட்டால், தாங்குவதற்கு உதவி செய்ய வேண்டாம் அல்லவா? சும்மா கிடைக்கும் உழைப்புக்குச் சூட்டுகிற மாலை அது.

அந்தக் காலத்தில் லயத்துப் பெண்கள், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் இருந்த பெண்கள், தாங்கியதற்கு அடியில் ஏதோ ஒரு துண்டு நிலம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் முருங்கை, கத்தரி, வெண்டை, அவரைப் பந்தல், கொட்டகையில் ஒரு மாடு. மழை பிடித்துப் பால் மரம் (ரப்பர்) வெட்ட முடியாமல் சம்பளம் போனாலும் குழம்புக்குக் காய் இருந்தது, பால் விற்ற காசு இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, அடுக்குமாடிக்கும் தாழ்வான நிலத்தில் எழுந்த வரிசை வீடுகளுக்கும் குடிபோனபோது மாடு போனது, பந்தல் போனது. கையில் இருந்த விவரம் மட்டும் கூடவே வந்தது. விவரத்தை நட்டு வைக்க மண் வேண்டாமா?

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் இதைத்தான் வேறு மொழியில் சொல்கிறது. ஆண்களுக்குக் கிடைக்கிற நிலம், விதை, கடன் எல்லாம் பெண் விவசாயிகளுக்கும் கிடைத்தால் அவர்கள் நிலத்து விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் கூடும் என்று 2011-இல் சொன்னது. 2024 அறிக்கையில், வளரும் நாடுகளின் கிராமங்களில் பெண் தலைமையில் நடக்கும் குடும்பங்கள் கடும் வெப்பத்தால் இழக்கும் வருமானம், ஆண் தலைமைக் குடும்பங்களைவிட 8 சதவீதம் அதிகம் என்றது. வெள்ளத்தில் 3 சதவீதம் அதிகம். திறமை குறைவதால் அல்ல, கைப்பிடி குறைவதால்.

வங்காளதேசத்தைப் பாருங்கள். 1991 ஏப்ரல் புயலில் 1,38,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 20 முதல் 44 வயது வரை உள்ளவர்களில், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் இறந்தார்கள், ஆண்களில் 15. எச்சரிக்கை சந்தையிலும் தேநீர்க் கடையிலும் ஆண்கள் காதில் விழுந்தது. பெண்கள் வீட்டுக்காரர் வரட்டும் என்று பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் புகலிடத்துக்குப் போகக் கூச்சப்பட்டவர்களும் உண்டு. அப்புறம் புகலிடங்கள் பெருகின, பெண்களுக்கெனத் தனி அறைகள் வந்தன, பெண்களே வீடு வீடாகப் போய்ச் சொல்லும் தொண்டர்கள் ஆனார்கள். 2007-இல் வந்த சிடர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். இரண்டு புயலும் ஒன்றல்ல, அதனால் முழுப் பெருமையையும் இதற்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் கதவைத் தட்டுகிறவர் ஒரு பெண்ணாக இருந்தால் கதவு சீக்கிரம் திறக்கும், அது நமக்கும் தெரிந்ததுதானே.

பினாங்கில் வழி இல்லாமல் இல்லை. 2011-இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் தொடங்கியது. அடுத்த ஆண்டே, தீவில் ஜாலான் சுங்கை அடுக்ககத்திலும் செபராங் ஜெயாவில் அம்பாங்கான் அடுக்ககத்திலும் ஒரு சோதனை செய்தார்கள். பெண்கள், ஆண்கள், முதியவர்கள், பிள்ளைகள், உடற்குறை உள்ளவர்கள் என்று தனித்தனிக் குழுவாக உட்கார வைத்து, பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று கேட்டு, அவர்களையே வாக்களிக்க வைத்தார்கள். அடுக்ககத்தில் செய்ததைக் கம்பத்தில் ஏன் வெள்ளத்துக்காகச் செய்யக்கூடாது? ஒவ்வொரு கம்பத்துக்கும் நிர்வாக மன்றம் இருக்கிறது. அதன் கூட்டம் இரவு எட்டரைக்கு என்றால், சோறு போட்டு, பாத்திரம் கழுவி, பிள்ளையைப் படுக்க வைக்கும் நேரம் அது. அங்கே பெண்கள் வரவில்லையே என்று குறைப்பட்டு என்ன பயன்? ஞாயிறு மாலை வைத்துப் பாருங்கள், கோயில் மண்டபத்திலேயே வையுங்கள்.

நம் ஊரில் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் மழை வலுக்கும். அதற்கு முன் நடக்கும் கூட்டத்துக்கு நேயர்களே, குறிப்பாகத் தாய்மார்களே, அவசியம் போங்கள். படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே எழுதிக் கொடுத்து, உங்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் அதன் அடியில் போடுங்கள். நிவாரண மையத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் பிள்ளைக்குப் பால் கொடுக்க மறைவான இடமும் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், மையமாகப் போகிற அந்தப் பள்ளி மண்டபத்தின் சாவி யார் கையில் இருக்கிறது, விடியற்காலை 3 மணிக்கு அவர் போனை எடுப்பாரா என்பதையும் கேட்டு, இரண்டாவது சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.