நரகவாசிகள் சொல்லும் பதில்

அஸ்ஸலாமு அலைக்கும், அன்பான நேயர்களே!

நரகம் என்றதும் நெருப்பு, கொதிநீர், நரகவாசிகளுக்கு உணவாகும் ஸக்கூம் மரம் என்று தண்டனைகள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. குர்ஆனில் அவை உண்டு. நரகத்துக்கு ஏழு வாசல்கள் என்கிறது 15ஆம் அத்தியாயம். காவலுக்கு 19 வானவர்கள் என்கிறது 74ஆம் அத்தியாயம். அதே 74ஆம் அத்தியாயத்தில் சற்றுத் தள்ளி ஓர் உரையாடல் வருகிறது. இன்று அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

சுவனவாசிகள் குற்றவாளிகளிடம் கேட்கிறார்கள்: "உங்களை இந்த நரகத்தில் புகுத்தியது எது?" அவர்கள் சொல்கிறார்கள்: "நாங்கள் தொழுபவர்களாக இருக்கவில்லை; ஏழைக்கு உணவளிப்பவர்களாகவும் இருக்கவில்லை." வீண்பேச்சும் மறுமையைப் பொய்யாக்கியதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. தொழுகையைச் சொன்ன அடுத்த மூச்சிலேயே ஏழையின் பசியைச் சொல்லிவிடுகிறார்கள், பாருங்கள்! இந்த வசனங்களை ஓதிவிட்டு என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.

104ஆம் அத்தியாயமும் அப்படித்தான். குறை சொல்லிப் புறம் பேசி, பணத்தைச் சேர்த்து எண்ணிக்கொண்டே இருந்தவனை எரிக்கும் நெருப்பு இதயங்கள் வரை ஏறும் என்கிறது. பூனையைக் கட்டிப்போட்டு, தீனியும் கொடுக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்றதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் என்ற நபிமொழி நூல்களில் இருக்கிறது.

தொழுகையாளிக்கும் எச்சரிக்கை உண்டு. தொழுகை, நோன்பு, ஸகாத் என்னும் கட்டாய தர்மம் எல்லாவற்றோடும் ஒருவர் மறுமைக்கு வருவார். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவர் மீது அவதூறு சொல்லியிருப்பார், இன்னொருவர் பொருளைத் தின்றிருப்பார். அவருடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்படும். நன்மைகள் தீர்ந்துபோனால் அவர்களின் பாவங்கள் இவர் தலையில் விழும்; பிறகு நரகில் எறியப்படுவார். நபியவர்கள் இவரைத்தான் திவாலானவர் என்றார்கள். கடுகளவு ஈமான் (இறைநம்பிக்கை) உள்ளவரும் ஒருநாள் நரகிலிருந்து வெளியேற்றப்படுவார் என்ற ஹதீஸ் (நபிமொழி) நமக்குப் பெரும் ஆறுதல்தான். ஆனால் அதை நம்பி அடுத்தவர் ஹக்கில் (உரிமையில்) கைவைக்கலாமா?

பெண்மக்களின் சொத்துப் பங்கை எண்ணித்தான் இதைக் கேட்கிறேன். 4ஆம் அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் வாரிசுப் பங்குகளைச் சொல்கின்றன. இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்கிறது 13ஆம் வசனம். அவற்றை மீறுபவருக்கு நரகம் என்கிறது 14ஆம் வசனம். அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பையே உண்கிறார்கள் என்பதும் அதே அத்தியாயத்தில், 10ஆம் வசனத்தில் வருகிறது. சகோதரியின் பங்கை இன்னும் கையில் வைத்திருப்பவர்களே, விவரம் தெரிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரை அழைத்து உட்காரவைத்து, இந்த வாரமே பாகம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.