பச்சைக் கறை சொல்லும் ஆழம்

நேயர்களுக்கு வணக்கம்.

மலைச்சரிவில் ஒரு பாறை. அதில் பச்சையாக ஒரு கறை. பாசி என்று சுரண்டிப் பார்த்தால் வரவில்லை. பக்கத்துப் பாறையெல்லாம் துரு ஏறியது போலச் செம்பழுப்பு. நடுவே வெள்ளையாக ஒரு குவார்ட்ஸ் நரம்பு, அதாவது பாறை விரிசலில் படிந்த கனிமப் பட்டை, ஓடுகிறது. நிலவியல் படித்தவர் இந்த இடத்தைத் தாண்டிப் போகமாட்டார்.

பச்சை, மாலக்கைட். தாமிரக் கனிமம் காற்றும் மழைநீரும் பட்டு மாறியது. துரு, பைரைட் போன்ற சல்பைடுகள், அதாவது உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள், சிதைந்தபின் மிஞ்சிய இரும்பு. பாறையைச் சோதித்துப் பார்த்ததில் கொஞ்சம் தங்கமும் வெள்ளியும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாங்கள் 'கனிமம் காணப்பட்ட இடம்' என்றுதான் எழுதுவோம். 'சுரங்கம்' என்ற சொல் வெகுதூரத்தில் இருக்கிறது.

ஏன் என்று கேட்டால், எந்தச் சாதாரணப் பாறையிலும் டன்னுக்குச் சில பத்து கிராம் தாமிரம் உண்டு. பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு டன்னுக்கு 5 கிலோ அளவில் வேண்டும். தங்கமோ சாதாரணப் பாறையில் டன்னுக்கு ஒரு கிராமில் ஆயிரத்தில் சில பங்குதான். 1 கிராம் இருந்தாலே பேச்சு சூடுபிடிக்கும். பரவிக் கிடந்ததை ஓரிடத்தில் கூட்டிச் சேர்த்தது யார்?

தண்ணீர்தான். பூமிக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில் மாக்மா எனும் பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது, அதிலிருந்த நீர் பல நூறு டிகிரி வெப்பத்தோடு பிரிந்து வருகிறது. அதில் குளோரினும் கந்தகமும் கரைந்திருக்கும். தாமிரமும் வெள்ளியும் பெரும்பாலும் குளோரினோடு கைகோத்துப் பயணிக்கும். சற்றுக் குளிர்ந்த நீரில் தங்கத்துக்குக் கந்தகம்தான் துணை. நீரின் அழுத்தத்தில் பாறை வலைவலையாக விரிசல் விடுகிறது. சூடு குறையக் குறைய, முதலில் தாமிரம், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கால்கோபைரைட் எனும் கனிமமாகப் படிந்துவிடுகிறது. இப்படி மெல்லிய நரம்புகளாகப் பரந்து கிடப்பதைப் போர்ஃபிரி தாமிரம் என்கிறோம். மேலே, தரைக்கு ஒரு கிலோமீட்டருக்குள், 150 முதல் 300 டிகிரியில் கதை மாறுகிறது. அழுத்தம் தளர்ந்து நீர் கொதிக்கிறது. கந்தகம் வாயுவாகப் பிரிந்து ஓடுகிறது. துணையை இழந்த தங்கம் அங்கேயே படிகிறது, பல நேரம் வெள்ளியோடு கலந்து, எலெக்ட்ரமாக.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மூன்று உலோகங்களில் எது முன்னே நிற்கிறது என்று பார்த்தால், அரிப்பு இந்த மலையை எவ்வளவு ஆழம்வரை செதுக்கியிருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். தங்கமும் வெள்ளியும் மேலோங்கினால் அமைப்பின் உச்சியில் நிற்கிறோம். தாமிரம் கீழே இருக்கலாம். இருந்தே தீரும் என்று சொல்லமாட்டேன். கடலடி வெந்நீர் ஊற்றுகளிலும் இந்த மூன்றும் சேர்ந்து படிவதுண்டு. அங்கே கணக்கு வேறு.

அருகிலிருப்பதே கண்ணில் படாமல் போவதும் உண்டு. 1936இல் நியூகினி மலைகளில் டச்சு நிலவியலாளர் டோசி ஒரு கரும்பாறைக் குன்றைக் கண்டு, எர்ட்ஸ்பெர்க், அதாவது தாதுமலை, என்று பெயரிட்டார். பக்கத்திலேயே இருந்த கிராஸ்பெர்க்குக்குப் புல்மலை என்று பொருள். தாமிரமும் தங்கமும் மிகப் பெரிய அளவில் குவிந்திருந்தது அந்தப் புல்மலையில்தான். அது தெரியவர 1988 ஆயிற்று.

அப்புறம், கையிலிருக்கும் கல்லை நம்பாதீர்கள். யார் எடுத்தாலும் அழகான கல்லைத்தான் எடுப்போம். ஆய்வகத்தில் உருக்கிப் பார்ப்பது சில பத்து கிராம் தூள். ஒரே ஒரு பொன்மணி அதில் விழுந்தால் முடிவு தலைகீழாகிவிடும். மேற்பரப்பும் ஏமாற்றும். மழைநீர் தாமிரத்தைக் கழுவிக் கீழே நிலத்தடி நீர்மட்டத்தருகே மறுபடி படியவைக்கிறது. எளிதில் கரையாத தங்கம் மேலேயே தங்கிவிடுகிறது. அதனால் மேலே தாமிரம் குறைவாகவும் தங்கம் கூடுதலாகவும் தெரியலாம்.

ஆகவே துளையிடும் நாள் வந்தால் பச்சைக் கறையின் தலையிலேயே இயந்திரத்தை நிறுத்தமாட்டேன். நரம்பு எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்று அளந்து, அந்தப் பக்கமாகத் தள்ளி நின்று, நரம்பை நோக்கிச் சாய்வாகத் துளைப்பேன். காற்றும் மழையும் தொடாத பாறையில், துரு முடிந்த ஆழத்தில், அந்த நரம்பு துளைக்குக் குறுக்கே வரவேண்டும்.